விலக்குப் பக்கத்தை முதலில் படியுங்கள்

மல்டி பிராண்டு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களிடம் பொறுப்புக் காப்பீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "பிரீமியம் எவ்வளவு ஆகும்?" அடுத்தது, "எத்தனை லட்சத்துக்கு கவர் கிடைக்கும்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியவை. இந்தத் தொழிலுக்கென்று விற்கப்படும் பாலிசிகளையும் அவற்றுக்குப் பின்னால் நிற்கும் சட்டங்களையும் வரி வரியாகப் படித்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. ஒர்க்‌ஷாப்பின் ஆபத்து ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. வாடிக்கையாளரின் வண்டியோடு சேர்ந்து அதுவும் நகர்கிறது. கேட்டுக்குள் வண்டி நுழையும்போது ஒரு வகை, லிஃப்டில் ஏறும்போது ஒரு வகை, ட்ரையல் பார்க்க ரோட்டுக்குப் போகும்போது ஒரு வகை, டெலிவரி கொடுத்து மூன்று மாதம் கழித்து பிரேக் பிடிக்காமல் போனால் வேறொரு வகை. இந்தக் கட்டங்களில் ஏதாவது ஒன்றில் ஒவ்வொரு பாலிசியும் கைவிரிக்கிறது. எங்கே கைவிரிக்கிறது என்பது விளம்பரத் தாளில் இருக்காது. பாலிசியின் பின்பகுதியில், சிறிய எழுத்தில், 'விலக்குகள்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ஆகவே பொறுப்புக் காப்பீட்டைத் தேர்ந்தெடுப்பவர் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கிப் படிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

வழக்கமாக ஒரு ஒர்க்‌ஷாப்பிடம் என்ன இருக்கும்? பேங்கில் கடன் வாங்கியபோது மேனேஜர் எடுக்கச் சொன்ன தீக் காப்பீடு இருக்கும். கொஞ்சம் விவரமானவர் என்றால் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி ஒன்றும் இருக்கும். இரண்டும் இருந்தால் எல்லாம் அடங்கிவிட்டதென்று நினைப்பார்கள். ஸ்டாண்டர்டு ஃபயர் அண்டு ஸ்பெஷல் பெரில்ஸ் பாலிசியின் விலக்குகளைப் பிரித்துப் பாருங்கள். பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் பொருள், பாலிசியில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் ஒழிய, கவரில் வராது. ஷெட் எரிந்தால் உங்கள் லிஃப்டுக்கும் கம்ப்ரசருக்கும் பணம் வரும். உள்ளே நின்ற எட்டு கார்களுக்கு வராது. சரி, அதற்குத்தானே பப்ளிக் லயபிலிட்டி என்பீர்கள். அந்தப் பாலிசியும் காப்பீடு எடுத்தவரின் பராமரிப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் சொத்துக்கு நேரும் சேதத்தை விலக்கி வைக்கிறது. கடைக்கு வந்த ஒருவர் ஆயிலில் வழுக்கி விழுந்தால், பக்கத்துக் கடை ஷட்டரில் உங்கள் ஆள் ஜாக்கை மோதிவிட்டால் அது பேசும். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் அடிபட அதிக வாய்ப்புள்ள பொருள் எது? வாடிக்கையாளரின் வண்டி. அதைத்தான் இரண்டு பாலிசிகளும் ஒதுக்கி வைத்திருக்கின்றன. இதில் பெயர்க் குழப்பம் வேறு. போபால் விபத்துக்குப் பின் 1991-ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், அபாயகரமான ரசாயனங்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளும் தொழிற்சாலைகளுக்கானது. அந்தச் சட்டப்படியான பாலிசியை ஒர்க்‌ஷாப்காரர் எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதில் பயனில்லை.

வண்டிக்கு ஏதாவது ஆனால் நாம் ஏன் பொறுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. பாதி ஷெட்டுகளில் சுவரிலேயே எழுதியிருக்கும்: வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன, நிர்வாகம் பொறுப்பல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒருவர் ஒப்படைத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறுவது என்ற ஏற்பாட்டை அதன் 148-ஆம் பிரிவு வரையறுக்கிறது. சர்வீசுக்கு வண்டி விடுவது அதன் அச்சு அசலான உதாரணம். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. அப்படிப் பார்த்துக்கொண்டும் சேதமானால் பொறுப்பில்லை என்று 152 ஆறுதல் தருகிறது. ஆனால் பார்த்துக்கொண்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் ஒப்படைப்பை ஏற்றவர்தான். சுவரில் எழுதிய வாசகம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பதில் சொன்னது. 1998-ல் டெல்லியின் தாஜ் மஹால் ஓட்டலில் வாலே பார்க்கிங்கில் விட்ட மாருதி ஜென் திருடுபோனது. கொடுத்த சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சிட்டிருந்தது. சாவியை வாங்கி வண்டியைத் தன் கைக்குள் கொண்டுவந்த பிறகு, தன் ஆட்களின் அலட்சியத்துக்கான பொறுப்பை ஒரு சீட்டு வாசகத்தால் கழற்றிவிட முடியாது என்று நீதிமன்றம் ஓட்டலின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. வண்டியைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனியாகக் காசு வாங்காத ஓட்டலுக்கே இந்தக் கதி என்றால், வேலைக்குக் கூலி வாங்கும் ஒர்க்‌ஷாப்பின் சுவர் எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த வழக்கில் ஒர்க்‌ஷாப்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சேதி இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஓட்டலுக்கு எதிராக வழக்கை நடத்தியது பாதிக்கப்பட்ட கார்க்காரர் மட்டுமல்ல. அவருக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கிளைம் கொடுத்த காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. "கஸ்டமர்கிட்ட ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு, அவர் கம்பெனி பார்த்துக்கும்" என்ற வழக்கமான சமாதானம் இங்கேதான் உடைகிறது. கிளைமைக் கொடுத்த கம்பெனி, வாடிக்கையாளரின் இடத்தில் தான் வந்து நின்று, சேதத்துக்குக் காரணமானவரிடம் பணத்தைக் கேட்கலாம். சப்ரொகேஷன் என்று பாலிசிகளில் எழுதியிருப்பது இதைத்தான். 2010-ல் எகனாமிக் டிரான்ஸ்போர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை விரிவாகவே விளக்கியிருக்கிறது. ஆகவே வாடிக்கையாளரின் பாலிசி உங்களைக் காப்பாற்றுவதில்லை. உங்களிடம் வசூலிக்க வருபவரை மாற்றிவிடுகிறது. முகம் தெரிந்த கஸ்டமரிடம் பேசித் தீர்க்கலாம். கம்பெனியின் வக்கீலிடம் அந்தப் பேச்சு எடுபடாது. இது போக, ரோட்டில் ஓடும் பழைய வண்டிகளில் பலவற்றுக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசிதான் இருக்கும். அந்த வண்டிக்குச் சேதம் என்றால் முழுவதும் உங்கள் தலையில். தனியார் கார் பாலிசியின் 'பயன்பாட்டு வரம்புகள்' பகுதியையும் ஒரு முறை பாருங்கள். வாடகைக்கு ஓட்டுவது, பந்தயம் விடுவது இவற்றோடு, மோட்டார் வியாபாரம் தொடர்பான எந்தப் பயன்பாடும் கவரில் வராது என்று அதில் இருக்கும். உங்கள் ஆள் ஓட்டியபோது நடந்த சேதத்துக்கு அந்த வரியைக் காட்டி வாதாட கம்பெனிக்கு இடம் உண்டு.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மோட்டார் டிரேட் பாலிசிகள் இருக்கின்றன. பல ஏஜென்ட்டுகள் இதை விற்பதே இல்லை. தனி வாகன பாலிசிகளை எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரிவதுமில்லை. இந்தியாவின் மோட்டார் டாரிஃபில் இது மூன்று கிளையாகப் பிரிந்திருக்கிறது: வளாகத்துக்குள் நடப்பவற்றுக்கு இன்டர்னல் ரிஸ்க், ரோட்டில் ஓட்டுவதற்கு ரோடு ரிஸ்க், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்கு ரோடு டிரான்சிட் ரிஸ்க். கடைசியது ஷோரூம்காரர்களுக்கும் டெலிவரி ஏஜென்சிகளுக்கும்தான் அதிகம் பயன்படும். பழுது பார்க்கும் கடைக்கு முதல் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் கேட் வரைக்கும்தான் பாதுகாப்பு, அல்லது கேட்டுக்கு வெளியேதான் பாதுகாப்பு. உள்ளே இடமில்லாமல் இரவு தெருவோரம் வண்டிகளை நிறுத்தும் கடைகள் நம் ஊரில் ஏராளம். பாலிசியில் 'வளாகம்' என்று எழுதியிருக்கும் முகவரிக்குள் அந்தத் தெரு வராது. வாடகைக்கு எடுத்த பக்கத்துக் காலி மனையும், முகவரியில் சேர்க்காத வரை, வராது.

இங்கே சட்டப் பொறுப்பு என்ற சொற்களை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிக ஏமாற்றம் இதில்தான் நடக்கிறது. பொறுப்புக் காப்பீடு என்பது உங்கள் மீது சட்டப்படி பொறுப்பு விழுந்தால் மட்டும் பணம் கொடுப்பது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தபோதும் சர்வீசுக்கு விட்ட வண்டிகளும் தண்ணீரில் நின்றன. வெள்ளம் உங்கள் தவறில்லை. ஆகவே சட்டப் பொறுப்பின் அடிப்படையில் எழுதிய பாலிசி அந்த வண்டிகளுக்குப் பணம் தராது. தராததற்குச் சரியான காரணமும் இருக்கிறது. கஸ்டமருக்கு இது புரியாது. அவர் பார்வையில் வண்டி உங்கள் ஷெட்டில் இருந்தது, அவ்வளவுதான். மறுபக்கமும் உண்டு. வானிலை எச்சரிக்கை வந்த பிறகும் தாழ்வான பகுதியில் வண்டிகளை அப்படியே விட்டுப் பூட்டிவிட்டுப் போனால், 151-ஆம் பிரிவு கேட்கும் விவேகம் எங்கே என்று கேள்வி வரும். அப்போது பொறுப்பு உங்களுடையதாகலாம். அமெரிக்காவில் கேரேஜ் கீப்பர்ஸ் கவர் என்று தனியாக விற்கிறார்கள். பொறுப்பு இருந்தால் மட்டும் கொடுக்க வேண்டுமா, பொறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டுமா என்பதை எடுப்பவரே அதில் தேர்ந்தெடுக்கலாம். இங்கே அந்தத் தேர்வு அவ்வளவு வெளிப்படையாகக் கிடைப்பதில்லை. நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். தாழ்வான இடத்தில் ஷெட் வைத்திருப்பவர், தீக் காப்பீட்டிலேயே வாடிக்கையாளர் வாகனங்களைத் தனி இனமாக, உத்தேச மதிப்போடு எழுதச் சொல்லலாம். வெள்ளமும் அந்தப் பாலிசியின் அபாயப் பட்டியலில் இருப்பதால், யார் தவறு என்ற கேள்வி எழாமலே பணம் கிடைக்க அது ஒரு வழி.

ரோட்டுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, தேர்டு பார்ட்டி காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் யாரும் ஓட்டக் கூடாது என்கிறது. உரிமையாளர் ஓட்டக் கூடாது என்று அது சுருக்கிச் சொல்லவில்லை. கஸ்டமரின் பாலிசி காலாவதியாகியிருக்க, உங்கள் மெக்கானிக் ட்ரையல் பார்க்க வெளியே எடுத்தால் சட்டத்தை மீறியவர் உங்கள் மெக்கானிக். வண்டி உள்ளே வரும்போதே எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு இன்ஷூரன்ஸ் தேதியைப் பார்த்து ஜாப் கார்டில் எழுதுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. பாலிசி இருந்து விபத்து நடந்தால் என்ன? 1988-ல் உச்ச நீதிமன்றம், பழுது பார்க்கக் கொடுத்த காரை மெக்கானிக் ஷாப் ஆள் ஓட்டி விபத்து நடந்தாலும், காயமடைந்த மூன்றாம் நபருக்கு வண்டியின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவருக்கு இது நல்ல தீர்ப்பு. ஒர்க்‌ஷாப்பை விடுவிக்கும் தீர்ப்பாக இதைப் படிக்கக் கூடாது. மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கு சாதாரண கார் பாலிசியில் உள்ள உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய், டூவீலரில் 1 லட்சம். சிக்னலில் நிற்கும் ஒரு சொகுசு காரின் பின்புறத்தை இடித்தால் அந்த வரம்பு எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று இந்தத் தொழிலில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக லைசென்ஸ். கடைப் பையன் வண்டியை முன்னே பின்னே நகர்த்திப் பழகி, ஒரு நாள் டீசல் போட பங்க் வரை எடுத்துப் போவது நம் ஷெட்டுகளில் சாதாரணமாக நடக்கிறது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் எந்த பாலிசியும் உங்களுக்குத் துணை நிற்காது. ரோடு ரிஸ்க் பாலிசியைப் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநர்களுக்கு மட்டும் எழுதியிருந்தால், லைசென்ஸ் இருந்தும் பெயர் இல்லாதவரின் நிலைமை அதேதான். ஆள் மாறும்போதெல்லாம் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்.

வண்டி கிளம்பிப் போன பிறகு தொடங்கும் பொறுப்பைப் பற்றித்தான் நம்மவர்கள் மிகக் குறைவாக யோசிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருள் தொடர்பாகச் சேவை வழங்குபவர் என்று ஒரு தனி வகையையே உருவாக்கியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. சேவையில் குறையோ அலட்சியமோ இருந்தாலும், போதிய எச்சரிக்கையோ அறிவுரையோ சொல்லாமல் விட்டாலும் அவர் பொறுப்பு என்கிறது 85-ஆம் பிரிவு. அடுத்த பிரிவு விற்பவரைப் பற்றியது. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால், விற்றவர் அந்த இடத்துக்கு வருகிறார். பெட்டியில் பெயர் இல்லாத பிரேக் பேடை, பில் இல்லாமல் வாங்கி மாட்டும் கடைக்காரர், பேட் செய்த கம்பெனியின் பொறுப்பையும் சேர்த்துத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இது ரொம்பப் பெரிய விலை. இந்தக் கட்டத்துக்கு வேண்டியது புராடக்ட் லயபிலிட்டி, அல்லது முடித்துக் கொடுத்த வேலையால் பின்னர் நேரும் தீங்கையும் சேர்க்கும் விரிவாக்கம். அதிலும் ஒரு வரி நிச்சயம் இருக்கும்: தவறாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும் செலவு கவரில் இல்லை. அது நியாயமானதுதான். டைமிங் பெல்ட்டைத் தப்பாக மாட்டியதற்குத் திரும்ப மாட்டும் கூலி உங்கள் செலவு. அதனால் வண்டி நடுரோட்டில் நின்று பின்னால் வந்தவர் மோதிக் காயமடைந்தால் அந்த இழப்பீடு காப்பீட்டின் வேலை. இடையில் நிற்பது எஞ்சின். தவறாக மாட்டிய பெல்ட் எஞ்சினையே உடைத்தால் அது திரும்பச் செய்யும் செலவா, விளைவான சேதமா? பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. எடுக்கும் முன்னே இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

இதே கட்டத்தில் காலமும் விளையாடுகிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நம் நாட்டில் பப்ளிக் லயபிலிட்டியும் புராடக்ட் லயபிலிட்டியும் பெரும்பாலும் கிளைம்ஸ் மேட் முறையில் எழுதப்படுகின்றன. சம்பவம் எப்போது நடந்தது என்பதோடு, உங்கள் மீது கோரிக்கை எப்போது வருகிறது என்பதும் கணக்கில் வரும். கோரிக்கை வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் செய்த வேலைக்கு 2026 டிசம்பரில் நோட்டீஸ் வந்து, இடையில் நீங்கள் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், 2025-க்குக் கட்டிய பிரீமியம் எந்த உதவிக்கும் வராது. கம்பெனி மாறும்போதும் இதே பொறி இருக்கிறது. பாலிசியில் ரெட்ரோஆக்டிவ் டேட் என்று ஒரு தேதி இருக்கும். அதற்கு முன் நடந்தவை எதுவும் கவரில் இல்லை. புதிய கம்பெனி ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்து அந்தத் தேதியை இன்றைய தேதியாகப் போட்டால், இதுவரை செய்த எல்லா வேலைகளும் ஒரே நாளில் பாதுகாப்பை இழக்கின்றன. தேதி மாறாமல் தொடர வேண்டும் என்று சொல்லித்தான் கம்பெனி மாற வேண்டும்.

வேலை செய்பவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். அதற்குள் வராத சின்னக் கடையில் விபத்து நடந்தால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் போட்ட கணக்கையே, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பின்பற்றுகிறது: மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 25 வயதுக்கு அந்த எண் 216.91. சம்பள உச்சவரம்பு 15,000 என்று எடுத்தால் 16 லட்சத்து 26 ஆயிரத்து 825 ரூபாய் வருகிறது. லிஃப்ட் இறங்கி, கம்ப்ரசர் டேங்க் வெடித்து, லாரி டயரில் காற்றடிக்கும்போது ரிங் தெறித்து உயிர் போவது இந்தத் தொழிலில் நடக்காத ஒன்றல்ல. இந்த இழப்பீட்டுக்காக எடுக்கும் பாலிசியில் தற்காலிக ஆள், பழகுநர் எல்லோரும் பட்டியலில் இருக்க வேண்டும். சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

"இத்தனை பாலிசியா? எங்கள் வருமானத்துக்குத் தாங்காது" என்ற மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பொறுப்புக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு இருக்கிறது; பதிவு செய்தவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது சின்ன ஆறுதல். ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுக்க வேண்டியதில்லை. கடையை மூட வைக்கும் இழப்பு எது, வருத்தத்தோடு கடக்க முடிந்த இழப்பு எது என்று பிரித்தால் வரிசை தானே வந்துவிடும். ஆள் இழப்பீடும் வாடிக்கையாளர் வண்டிகளுக்கான கவரும் முதலில். ரோடு ரிஸ்க் அதோடு ஒட்டி. டெலிவரிக்குப் பிந்தைய பொறுப்பு அடுத்து. வழுக்கி விழுவது போன்றவை கடைசியில். செலவைக் குறைக்கச் சரியான இடம் எக்சஸ், அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நீங்கள் ஏற்கும் தொகை. கண்ணாடி உடைவதையும் பம்பர் கீறலையும் கைக்காசில் பார்த்துக்கொண்டு, எக்சஸை உயர்த்தி, மிச்சமாகும் பணத்தில் வரம்பை உயர்த்துங்கள். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு: சில்லறை கிளைம் கிடைக்க வேண்டும் என்று எக்சஸைக் குறைத்து, பெரிய விபத்துக்கான வரம்பைக் கிள்ளிவிடுகிறார்கள். வரம்பைக் கணக்கிடும்போது சராசரி நாளைப் பார்க்கக் கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரத்து இரவில் உள்ளே எத்தனை வண்டி நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டும். சராசரி எட்டு லட்சத்தில் பன்னிரண்டு வண்டி என்றால் 96 லட்சம். மொத்தத் தொகையை எழுதிவிட்டு, ஒரு வண்டிக்கு உச்சம் 10 லட்சம் என்று உள்ளே வைத்திருந்தால், உள்ளே நிற்கும் ஒரே ஒரு ஃபார்ச்சூனருக்கு அது போதாது. பப்ளிக் லயபிலிட்டியில் ஒரு விபத்துக்கான வரம்பும் ஆண்டு முழுவதற்குமான வரம்பும் தனித்தனி. ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு நான்கு வரை விகிதம் வைக்கலாம். வழக்குச் செலவு அந்த வரம்புக்குள் அடங்குமா, அதற்கு மேல் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

கடைசியில் எப்போதும் வரும் வாதம், "கட்டும்போது சிரிப்பாங்க, கிளைம்னு போனா ஆயிரம் காரணம் சொல்வாங்க." அதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆயிரம் காரணங்களில் பெரும்பகுதியை நாமேதான் எடுத்துக் கொடுக்கிறோம். வண்டி வந்தபோது இருந்த கீறல், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, உள்ளே இருக்கும் பொருட்கள் எதையும் எழுதாமல், கையெழுத்து வாங்காமல், போட்டோ எடுக்காமல் வேலையைத் தொடங்கினால், பிறகு எதையும் நிரூபிக்க வழியில்லை. காருக்குள் விட்ட லேப்டாப்பும் நகையும் அநேகமாக எந்த பாலிசியிலும் வராது. எடுத்துப் போகச் சொல்லி ஜாப் கார்டிலேயே அச்சிடுங்கள். இரவில் சாவியை வண்டியிலேயே விட்டுவைத்தால் திருட்டு கிளைம் தள்ளுபடியாக அது ஒன்றே போதும். புதிதாக மின்சார வண்டிகளின் பேட்டரி வேலையையோ சி.என்.ஜி. கிட் பொருத்துவதையோ தொடங்கிவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லாமல் இருந்தால், மறைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். லேத், டிங்கரிங், பெயிண்டிங் என்று வெளியே கொடுக்கும் வேலைகளுக்கு உங்கள் பாலிசி பேசுமா என்பதும் தனிக் கேள்வி. வெளி ஆளின் தவறும் கஸ்டமரைப் பொறுத்தவரை உங்கள் தவறுதான். இவற்றையெல்லாம் விட நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கம் இருக்கிறது. ஏதாவது நடந்ததும் "நம்ம மேலதான் தப்பு, நான் பார்த்துக்கிறேன் சார்" என்று முதலாளி சொல்லிவிடுவார். மனிதத் தன்மையில் அது உயர்ந்த பேச்சு. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பொறுப்புக் காப்பீட்டிலும், கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. வருத்தம் தெரிவிக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், அன்றே கம்பெனிக்கு எழுதலாம். யார் தவறு, எவ்வளவு தருவது என்பதைப் பற்றி மட்டும் வாட்ஸ்அப்பில்கூட எழுதாதீர்கள்.

ஆகவே அடுத்த புதுப்பித்தலுக்கு முன், ஏஜென்ட்டிடம் விலைப்பட்டியல் கேட்பதற்குப் பதிலாக நடக்கக் கூடிய ஐந்தாறு சம்பவங்களை எழுதி அனுப்புங்கள். லிஃப்டிலிருந்து கஸ்டமர் கார் விழுகிறது, தெருவோரம் நிறுத்திய வண்டி திருடுபோகிறது, ட்ரையலில் ஒருவர் காயமடைகிறார், பத்து மாதம் முன்பு மாற்றிய பிரேக் பழுதாகிறது, வெள்ளம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் எந்த பாலிசி, எந்தப் பிரிவின் கீழ், எவ்வளவு வரை பணம் தரும் என்று கம்பெனியிடமிருந்தே மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். பதில் தர மறுக்கும் கம்பெனியை அங்கேயே விட்டுவிடலாம். அந்த மின்னஞ்சலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தால், தனி உரிமையாளராகவோ குறுந்தொழிலாகவோ நடத்துபவர் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் செலவில்லாமல் முறையிடலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை அவரால் தீர்ப்பளிக்க முடியும்.